பட்டாவுக்கு நிவாரணம், பாட்டாளிக்கு என்ன?

வறட்சி வந்தால் சர்க்கார் முதலில் நிலத்தைப் பார்க்கிறது. பிறகு நிலத்தின் சொந்தக்காரரைப் பார்க்கிறது. அந்த நிலத்தில் குனிந்து களை எடுத்தவளும், ராத்திரி கண் விழித்து மடை திருப்பியவனும் அதன் கண்ணில் படுவதே இல்லை. இதை நாம் மேடைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரம் தாலுகாவில் நடந்ததை வைத்துச் சொல்கிறோம்.

2016-ஆம் வருஷத்தை அந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். தெற்கே கொடைக்கானல் மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையை அது மறித்துக் கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் இந்தச் சீமைக்குக் கதி. அந்த வருஷம் அந்த மழை ராஜ்யம் முழுவதும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து போயிற்று. கள்ளிமந்தையத்திலும் இடையகோட்டையிலும் மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தில் கருகியது. கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் தக்காளியும் கத்தரியும் பூவோடு வாடின. ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் கடன் வாங்கி இன்னும் ஆழமாகத் துளைத்தார்கள். பல இடங்களில் புழுதிதான் வந்தது.

வயல் வாடினால் வயலோடு நிற்பதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய மார்க்கெட்டுகளில் ஒன்று. முருங்கையும் தக்காளியும் வெங்காயமும் அங்கிருந்துதான் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகின்றன. அங்கே மூட்டை சுமந்து பிழைக்கிறவர்கள், தரம் பிரிக்கும் பெண்கள், வண்டியோட்டிகள், டீக்கடைக்காரர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மார்க்கெட்டே வயல். சரக்கு வரவில்லை என்றால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அவர்களுடைய அக்கா தங்கைகள் கிராமத்தில் காய் பறிப்புக்கும் களை வெட்டுக்கும் போகிறவர்கள். ஆக, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பும் ஒரே வாரத்தில் அணைந்தன.

10-1-2017 அன்று அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். நிலவரி தள்ளுபடி ஆயிற்று. நெல்லுக்கும் மற்றப் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய். நீண்டகாலப் பயிருக்கு 7,287 ரூபாய் என்று சொன்னார்கள். பிப்ரவரியில் 2,247 கோடி ரூபாய் ஒதுக்கீடு ஆயிற்று. ஏறத்தாழ 32 லட்சம் விவசாயிகளுக்கு என்று கணக்கு. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன.

2,247 கோடி என்றால் பெரிய தொகைதான். அதை 32 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு விவசாயிக்குச் சராசரி ஏழாயிரம் ரூபாய் வரும். ஒரு வருஷ உழைப்பும், போட்ட கடனும், அடகு வைத்த நகையும் போன பிறகு கைக்கு வருவது ஏழாயிரம்!

அந்த 5,465 எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு அதிகாரி ஒட்டன்சத்திரத்துக்கு வந்து ஒரு ஏக்கர் வெங்காயத்துக்கு விதைக்காய் என்ன விலை, உரம் என்ன விலை, மருந்து என்ன விலை, ஆள் கூலி என்ன என்று எழுதிக் கூட்டி எடுத்த தொகையா? இல்லை. பேரிடர் நிதிக்கு மத்திய சர்க்கார் 2015-இல் வகுத்த விதியில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று இருக்கிறது. அதை 2.47 ஏக்கரால் வகுத்தால் 5,465 வருகிறது. அவ்வளவுதான் கதை. நீண்டகாலப் பயிருக்கான 7,287-ம் அப்படியே, 18,000-ஐ வகுத்தது. மானாவாரிக்கு மட்டும் விதியில் உள்ள 6,800-க்கு மேல் கொஞ்சம் போட்டு ஏக்கருக்கு 3,000 ஆக்கினார்கள். அதற்கு நாம் ராஜ்ய சர்க்காரைக் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள். விதியில் அதற்கு நஷ்டஈடு என்று பெயர் இல்லை. ‘இடுபொருள் மானியம்’ என்று பெயர். அதாவது உன் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, அடுத்த போகத்துக்கு விதை வாங்க ஏதோ கொடுக்கிறோம், வாங்கிக்கொள் என்று அர்த்தம். மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 33 சதவீதத்துக்குக் குறைந்து சேதமானால் அதுவும் கிடையாது. 2015-க்கு முன்னால் பாதிப் பயிர் போனால்தான் சர்க்கார் திரும்பிப் பார்க்கும். 33 ஆகக் குறைத்ததே பெரிய தயவு என்று பேசினார்கள். இரண்டு ஹெக்டேருக்கு மேல் கணக்கு ஏறாது. விலை விழுந்தால், ஒரு பைசா கிடையாது. தக்காளி விலை கூடைக்கூலிக்கும் காணாமல் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகிற காட்சியை ஒட்டன்சத்திரம் பார்த்திருக்கிறது. அது சர்க்கார் அகராதியில் பேரிடர் ஆகாது.

2022-இல் விதியைத் திருத்தினார்கள். 2022-23 முதல் 2025-26 வரைக்கும் என்று வகுத்த விதியில் பாசனப் பயிருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500 என்று போட்டார்கள். ஏக்கருக்குச் சொன்னால் பாசனப் பயிருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய். ஏழு வருஷத்தில் ஏறியது ஏக்கருக்கு ஆயிரத்து நானூறு சொச்சம். டீசல் விலையும் உர விலையும் அந்த ஏழு வருஷத்தில் எவ்வளவு ஏறின என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை, வாங்குகிறவர்களுக்குத் தெரியும். இந்த விதியைத்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும், 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயலுக்கும் தமிழ்நாட்டில் கையாண்டார்கள்.

விதி என்றால் கல்லில் செதுக்கியது என்று நினைக்க வேண்டாம். ராஜ்ய சர்க்கார் மனம் வைத்தால் அது வளையும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னையைச் சாய்த்தபோது ஹெக்டேர் கணக்குப் பேசினால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்து, மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று மரக்கணக்கில் கொடுத்தார்கள். 2018-இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்றபோது, தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி முதல் பெரம்பலூர் விவசாயி வரை தெருவுக்கு வந்த பிறகு, 2019-இல் சுமார் 186 கோடி ரூபாய் அறிவித்தார்கள். தேர்தல் நெருங்கிய 2020-21-இல் பாசனப் பயிருக்கு 13,500 என்பது 20,000 ஆயிற்று. இரண்டு ஹெக்டேர் வரம்பும் எடுபட்டது. ஓட்டுக் கேட்கும் வருஷத்தில் வளைகிற விதி மற்ற வருஷத்தில் ஏன் விறைத்து நிற்கிறது?

மத்திய சர்க்காரின் கதை இன்னும் கேடு. 2017-இல் வறட்சிக்கு என்று ராஜ்ய சர்க்கார் கேட்டது 39,565 கோடி. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து டில்லி அனுமதித்தது 1,748 கோடி சொச்சம். கேட்ட நூறு ரூபாய்க்கு நாலரை ரூபாய்! கேட்டவர்கள் கூட்டிக் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாதியைக் கூட்டிக் கேட்டிருந்தாலும் கணக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் ஏறவில்லையே! அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் 2017 மார்ச்சிலும் ஏப்ரலிலும் மண்டையோடுகளோடு ஜந்தர் மந்தரில் 41 நாள் உட்கார்ந்தது இந்தக் கணக்கைக் காட்டத்தான். பிரதம மந்திரி அவர்களைச் சந்திக்கவில்லை.

இதுவரை சொன்னது பட்டா உள்ளவரின் கதை. அவருக்கே இந்தக் கதி. இனி பட்டா இல்லாதவரிடம் வருவோம்.

நிவாரணம் வாங்க என்ன வேண்டும்? பட்டா, சிட்டா வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிர் என்று எழுதியிருக்க வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகம் வேண்டும். ஒட்டன்சத்திரம் சுற்று வட்டாரத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் திருப்பூரிலோ மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். நிலத்தை உழுகிறவர் வாய்ப்பேச்சில் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்தவர். விதை அவர் வாங்கியது; கடன் அவர் தலையில். பயிர் கருகினால் பணம் யாருக்கு? பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. சில சொந்தக்காரர்கள் மனசாட்சியோடு குத்தகைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வு இன்னொருவர் மனசாட்சியில் தொங்குவதா?

குத்தகைக்காரரைப் பதிவு செய்யச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் எழுதும் சட்டம் வந்தது. தஞ்சையில் செங்கொடியின் கீழ் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் ரத்தம் சிந்தி நின்றதால் வந்த சட்டங்கள் இவை. பதிவுக்கு மனுப் போட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடையாது என்று சொந்தக்காரர் சொல்லிவிடுகிறார். மனுவைப் போடாமலே குத்தகைக்காரர் திரும்பிவிடுகிறார். சட்டம் பீரோவில் தூங்குகிறது. 2019-இல் தொடங்கிய வருஷத்துக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டமும் இதே வாசல் வழியாகத்தான் நுழைந்தது. சொந்த நிலம் இல்லாதவருக்கு அதிலும் இடமில்லை.

குத்தகைக்காரருக்காவது பேச ஒரு சட்டம் இருக்கிறது. கூலிக்குப் போகிறவருக்கு?

ஒரு ஏக்கர் தக்காளி கருகினால் அந்த ஏக்கரின் சொந்தக்காரருக்கு 5,465 ரூபாய் என்று எழுதினார்கள். அந்த ஏக்கரில் நாற்று நட, களை எடுக்க, குச்சி கட்ட, வாரம் இரண்டு தடவை காய் பறிக்க என்று எத்தனை ஆள், எத்தனை நாள் போயிருப்பார்கள்? அந்த நாட்கள் எல்லாம் செத்தன. அந்தச் சாவுக்கு எந்த அடங்கலிலும் கலம் கிடையாது. ஊருக்கு வெளியே இருக்கிற அருந்ததியர் குடியிருப்பில் போய்க் கேளுங்கள். வெயிலில் கருகியது யாருடைய பயிர் என்று கேட்டால், எங்கள் கூலி என்று சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சென்ட் நிலமில்லை. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி. கையில் சேமிப்பு என்று எதுவும் இருக்க வழி இல்லை. அறுவடை இல்லாத வருஷம் என்பது நிலம் உள்ளவருக்கு வருமானமில்லாத வருஷம். இவர்களுக்குச் சோறில்லாத வருஷம்.

இங்கேதான் நாம் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பேரிடர் நிதியின் விதிப் புத்தகத்தில் கூலிக்காரர் பெயர் இல்லவே இல்லை என்பது பொய். இருக்கிறது. 2015 விதியில், வாழ்க்கைத் தொழில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு என்று ஒரு பிரிவு உண்டு. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். முப்பது நாள் கொடுக்கலாம். தேவையானால் 60 நாள். வறட்சியும் பூச்சித் தாக்குதலும் என்றால் 90 நாள் வரை நீட்டலாம். பட்டா தேவையில்லை. சிட்டா தேவையில்லை. 2022-இல் திருத்திய விதியிலும் இந்தப் பிரிவு இருக்கிறது.

கணக்குப் போடுவோம். புருஷன், பெண்சாதி, இரண்டு குழந்தை. நாளைக்கு 210 ரூபாய். தொண்ணூறு நாளுக்கு 18,900 ரூபாய். பாசன நிலம் மூன்று ஏக்கர் வைத்திருந்தவருக்கு 2017-இல் எழுதிய நிவாரணம் 16,395 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலமில்லாத ஒரு கூலிக் குடும்பத்துக்கு, சர்க்காரின் சொந்த விதிப்படியே, மூன்று ஏக்கர்க்காரருக்குக் கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்திருக்கலாம்!

ஒட்டன்சத்திரம் தாலுகாவில் 2017 வறட்சியில் எத்தனை கூலிக் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவில் பணம் கொடுத்தார்கள்? எத்தனை நாளுக்குக் கொடுத்தார்கள்? நாம் தாசில்தாரைக் கேட்கிறோம். வாங்கியவர்கள் யாராவது வாசகர்களில் இருந்தால் நமக்கு எழுதுங்கள், சந்தோஷமாக வெளியிடுவோம். 2,247 கோடி என்று கொட்டை எழுத்தில் வந்ததெல்லாம் பயிர் மானியம். கூலிக்கு எத்தனை கோடி என்று எந்தக் கொட்டை எழுத்திலும் நாம் படிக்கவில்லை.

இந்தப் பிரிவைக் கையாள முடியாது என்பார்கள். பக்கத்து ராஜ்யத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானவர் மாண்டபோது, தொழிலை இழந்த குடும்பங்களில் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 300 ரூபாய் என்று, குடும்பத்துக்கு இரண்டு பேர் வரை, முதலில் 30 நாளுக்குக் கேரள சர்க்கார் அறிவித்தது. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு எஸ்டேட் பட்டாவா இருந்தது? மலைச்சரிவில் சாத்தியமானது வறட்சியில் ஏன் சாத்தியமில்லை? மலை ஒரே ராத்திரியில் சரிகிறது, காமிராக்கள் வருகின்றன. வறட்சி மெள்ளக் கொல்கிறது. படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை.

யார் கூலிக்காரர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, போலிகள் புகுந்துவிடுவார்களே என்றும் ஒரு வாதம் வரும். போலிப் பட்டாவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை, அது கிடக்கட்டும். 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினர்கள். அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். பதிவேடு ரெவின்யூ இலாகாவிடமே இருக்கிறது. அதே கட்டிடத்தில் ஒரு அறையில் கூலிக்காரரின் பெயர் இருக்கிறது, இன்னொரு அறையில் வறட்சிப் பணம் இருக்கிறது. நடுவில் இருக்கிற கதவைத் திறக்க என்ன கஷ்டம்?

கூலிக்காரருக்கு நூறு நாள் வேலை இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். 2017-இல் வறட்சிக்காக அந்த நூறை 150 நாள் ஆக்கினார்கள் என்பது உண்மை. அதே வருஷம் ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு அந்த வேலையின் கூலியை 203 ரூபாயிலிருந்து 205 ரூபாய் ஆக்கினார்கள் என்பதும் உண்மை. வறட்சி வருஷத்துக்கு இரண்டு ரூபாய்! அதுவும் மண் அளந்து கழித்த பிறகு முழுசாகக் கைக்கு வராது. வருவதும் மாதக்கணக்கில் தாமதம். வேலை செய்து வாங்குவது கூலி. அதை நிவாரணம் என்று கணக்கில் எழுதிக்கொள்ள சர்க்காருக்கு என்ன உரிமை?

அந்த வேலைக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2005-ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியது. 125 நாள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் செலவில் நூற்றுக்கு நாற்பது ராஜ்யத்தின் தலையில். விவசாய வேலை மும்முரமான காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் ஒரு பிரிவு. கூலி ஏறாமல் காவல் காக்கப் பெரிய மிராசுதார்கள் நெடுநாளாகக் கேட்டது இதைத்தான். மழை பொய்த்த வருஷத்தில் வயலில் வேலையே இராது. காலண்டரில் மட்டும் அது மும்முரமான காலமாக இருக்கும். அப்போது இந்த ஜனங்கள் எங்கே போவார்கள்?

வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி ஒன்று ஞாபகம் வருகிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் சென்னை ராஜதானியில் செத்தார்கள். பஞ்ச வேலைக்கு வந்தவர்களுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை 1877-இல் உத்தரவு போட்டான். பம்பாய் ராஜதானியில் பஞ்ச வேலைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காகப் பேசியது. சென்னையில் சுகாதார அதிகாரி கார்னிஷ், இந்தக் கூலியில் மனிதன் உயிரோடிருக்க முடியாது என்று வாதாடினார். சென்னை சர்க்கார் அந்த அளவைக் கைவிட நேர்ந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய் அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியது. கொடுங்கோல் சர்க்கார்தான். ஆனால் பஞ்சம் என்றால் முதலில் சாகிறவன் கூலிக்காரன் என்ற அளவுக்காவது அதற்குத் தெரிந்திருந்தது. சுதந்திர சர்க்காரின் நிவாரண அறிவிப்பில் அவன் எந்த வரியில் இருக்கிறான்?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோய் அல்ல. 1933-இல் அமெரிக்காவில் பருத்தி விலை விழுந்தபோது, சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழிக்க சர்க்கார் பணம் கொடுத்தது. பணம் நிலப்பிரபுவின் கைக்குப் போயிற்று. வாரத்துக்கு உழுத கறுப்பரும் வெள்ளையரும் பங்கு கிடைக்காமல், நிலமும் குறைந்து, குடிசையிலிருந்து விரட்டப்பட்டார்கள். 1934-இல் ஆர்கன்சாஸ் ராஜ்யத்தில் டைரோன்சா என்ற சின்ன ஊரில் இரண்டு நிறத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் கண்டார்கள். சர்க்கார் பணத்தில் உழுகிறவன் பங்கை உழுகிறவன் கையிலேயே கொடு என்பது அவர்கள் கோரிக்கை. அடித்தார்கள், சுட்டார்கள். 1935-இல் பருத்தி எடுப்பு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள்.

மில் தொழிலாளித் தோழர்கள் இதைப் படித்துவிட்டு, இது கிராமத்து விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் உங்கள் பக்கத்து மிஷினில் நிற்கிற பெண் எங்கிருந்து வந்தவள்? கேட்டுப் பாருங்கள். மழை பொய்த்த கிராமத்திலிருந்து, வட்டிக் கடன் ஏறிய வீட்டிலிருந்து வந்தவளாக இருப்பாள். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் வைத்து, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருகிறோம் என்று ஆள் பிடித்தார்களே, அந்தத் தரகர்கள் எந்த ஊர்களைத் தேடிப் போனார்கள்? கிணறு வற்றிய ஊர்களைத்தான். கிராமத்தில் கூலி செத்தால் மில் கேட்டில் ஆள் குவிகிறது. ஆள் குவிந்தால், கூலி உயர்வு கேட்கிற உங்களைப் பார்த்து முதலாளி வெளியே கையைக் காட்டுகிறான். விவசாயக் கூலிக்கு வறட்சியில் 90 நாள் நிவாரணம் கிடைத்தால், ஒரு பெண் அவசரத்தில் கையெழுத்துப் போட்டு விடுதிக்குப் போக வேண்டியிராது. அவள் பேரம் பேசுவாள். அவள் பேரம் பேசினால் உங்கள் பேரமும் நிற்கும்.

சிறு விவசாயியிடமிருந்து எடுத்துக் கூலிக்காரருக்குக் கொடு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சண்டை மூட்ட ஆளும் வர்க்கத்துக்கு ஆசை உண்டு. இரண்டு ஏக்கர் விவசாயி நமது ஆள். வருஷத்தில் பாதி நாள் அவரே அடுத்த தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். அவருக்கு ஏக்கருக்கு ஏழாயிரம் எட்டாயிரம் என்று மானியம் வீசாமல், சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு நஷ்டஈடு கொடு என்று கேட்கிறோம். குத்தகைக்காரருக்கு, பட்டா யார் பெயரில் இருந்தாலும், கிராம சபையில் நாலு பேர் சாட்சி சொன்னால் உழுதவர் கையில் கொடு என்று கேட்கிறோம். கூலிக் குடும்பத்துக்கு, தாலுகா வறட்சி என்று அறிவித்த அன்றைக்கே, தனி உத்தரவுக்குக் காத்திராமல் 90 நாள் நிவாரணத்தை, ராஜ்யத்தின் குறைந்தபட்சக் கூலி அளவில் தொடங்கு என்று கேட்கிறோம். ராஜ்யப் பேரிடர் நிதியில் நாலில் மூன்று பங்கு மத்திய சர்க்காருடையது, ஒரு பங்கு ராஜ்யத்துடையது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கை காட்டித் தப்ப முடியாது.

விதி ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பேசப்படுகிறது. 2025-26 வரைக்கும் வகுத்த விதியின் காலம் அந்த வருஷக் கணக்கோடு முடிகிறது. அடுத்த விதியை டில்லியில் எழுதுகிறவர்கள் மேஜை மீது நமது மனுக்கள் குவிய வேண்டும். வறட்சி வந்த பிறகு மகஜர் கொடுத்தால் அனுதாபம் கிடைக்கும். பணம் பழைய விதிப்படிதான் வரும்.

ஆகவே ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி ஒன்றியங்களில் உள்ள விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் விவசாயிகள் சங்கக் கிளைகளும் ஒரு வேலை செய்ய வேண்டும். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று தெருத் தெருவாக எழுதுங்கள். இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவர்களின் பட்டியலைக் கிராம சபையில் படித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பயப்படுகிறவர்களை ஒவ்வொருவராக அனுப்பாமல் பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள். மில் சங்கத் தோழர்கள் வார விடுமுறையில் ஊருக்குப் போகும்போது எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமைகளில் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். அங்கே இரண்டே கேள்வி எழுதிக் கொடுங்கள். 2017 வறட்சியில் ஒட்டன்சத்திரம் தாலுகாவில் தொழில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான பிரிவில் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அடுத்த வறட்சியில் கொடுக்கப் பட்டியல் தயாராக இருக்கிறதா? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்தால் நகலை நமக்கு அனுப்புங்கள். வராவிட்டால் மனுக் கொடுத்த தேதியையும் ரசீது எண்ணையும் அனுப்புங்கள். இரண்டில் எது வந்தாலும் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம்.